கொன்னையடிவிளையில் இரண்டாம் விசாரணை

சென்னை,
12 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெஃப்ரின் எழுதுவது. கிறிஸ்துமஸுக்கு வந்த சளி இன்னும் ஊருக்குப் போகவில்லை, மற்றபடி சுகம். அம்மைக்கு முட்டுவலி எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கமாட்டேன், பதில் தெரியும்.

போன வாரம் உனக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். பன்னிரண்டாவது தடவை அம்மை எடுத்து, "அவ எடுக்கணும்னா நீ ஏதாவது கேஸ்ல மாட்டணும் மக்கா. காயிதம் எழுது. காயிதத்தைக் கண்டா அவ கண்ணு தன்னால போவும்" என்றாள். அதனால்தான் இந்தக் காகிதம்.

விஷயம் இதுதான். திருநெல்வேலியில் ஒரு கலைக்குழு குறும்படப் போட்டி நடத்துகிறது. தலைப்பு, 'வெளியே தெரியாத வேலை'. பதினைந்து நிமிடம். ஜூலை முடியுமுன் அனுப்ப வேண்டும். எட்டு வருஷமாக யாரோ எடுத்த சீரியலுக்கு அழுகையை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என் பேரில் ஒரு நிமிடப் படம்கூட இல்லை. இதையும் விட்டால் நான் படம் எடுப்பேன் என்று நானே நம்பமாட்டேன்.

உன் வேலையைப் படமாக எடுக்க ஆசை. நன்னடத்தை அலுவலர் என்றால் இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. என் அறைக்காரன், "ஸ்கூல்ல ஒழுக்கத்துக்கு மார்க் போடுறவங்களா?" என்று கேட்கிறான். கேமரா ஆரல்வாய்மொழியில் வீடியோ எடுக்கிற நம்ம வினோஜுடையது, கல்யாண சீசன் இல்லாத நாட்களில் சும்மாதான் கிடக்கிறது. காசு கொஞ்சம்தான், ஆனால் போதும். உன் சம்மதம்தான் வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெஃப்ரின்


நாகர்கோவில்,
30 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே அம்மையும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மையின் முட்டுக்குத் தைலம் மாற்றியிருக்கிறோம். வலி அப்படியே இருக்கிறது, வாசனை மட்டும் வேறு. உன் சளிக்குக் குறுமிளகு இடித்துப் போட்டுக் குடி.

உன் கடிதத்தைக் குலசேகரம் பஸ்ஸில் வாசித்தேன். படம் எடுக்க வேறு வேலையே கிடைக்கவில்லையா மக்கா? உன் அறைக்காரனுக்கு இதைச் சொல். ஒருவர் குற்றம் செய்தது நிரூபணமானதும், தண்டனைக்கு முன் கோர்ட் எங்களிடம் கேட்கும்: இந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்புவதா, ஒழுங்காக நடப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதா? நான் அந்த ஊருக்குப் போய், வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் இரண்டு மூன்று வருஷம் அவர் பின்னாலேயே நடக்கவும் வேண்டும். இந்த வேலைக்கு இங்கே மூன்று நாற்காலி. இரண்டு காலி. மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என் முன்னால் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதாத அறிக்கை அறுபத்தொன்று.

எடுத்தே தீருவேன் என்றால், என் பேர் வரக் கூடாது. என் ஆபீஸ் வரக் கூடாது. எந்தக் கேஸும் வரக் கூடாது.

வீட்டு விசாரணை எப்படி என்று மட்டும் சொல்கிறேன். பஸ்ஸில் போக வேண்டும். போனதும் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். அவர்கள் காட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, தம்ளர் காலியாகிற வரைக்கும் ஃபைலைத் திறக்கக் கூடாது. தண்ணீர் கொடுத்தவர்கள் பேசாமல் இருக்கமாட்டார்கள். முதல் வருஷத்தில் நானே கண்டுபிடித்தது.

போன மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். காலை வெயிலில் மின்சாரக் காற்றாடி இறக்கையின் நிழல் வீட்டுச் சுவர்மேல் விழுந்து விழுந்து எழும்பும். தண்ணீர்த் தொட்டியில் யாரோ சிவப்புச் சேவல் வரைந்து வைத்திருக்கிறார்கள். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். இருபது நிமிஷத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அம்மையின் முத்தங்களோடு,
பெமிலா


சென்னை,
11 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

சளி போய்விட்டது, குறுமிளகுக்கு நன்றி. அம்மையின் புதிய தைல வாசனை கடிதத்திலேயே அடித்தது.

நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதம். கதை எழுதிவிட்டேன். ஒரு அலுவலர், ஒரே நாளில் ஐந்து ஊர், ஐந்து வீடு. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஆபீஸ் நேரம் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டு மனுஷியின் கேஸுக்கு மறுநாள் தீர்ப்பு. அலுவலர் கதவைத் தட்டுவாரா, கடைசி பஸ்ஸைப் பிடிப்பாரா? அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதனால் உன்னிடம் ஒரு கேள்வி. பதினாறு வருஷத்தில் உன் அறிக்கை எப்போதாவது தப்பாகப் போயிருக்கிறதா? அப்படி ஆனால் என்ன செய்வாய்?

இது மட்டும் தெரிந்தால் படம் எழும்பி நின்றுவிடும். சீக்கிரம் எழுது.

ஆவலோடு,
ஜெஃப்ரின்


நாகர்கோவில்,
2 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை அம்மை தினமும் ஜெபத்தில் கேட்கிறாள், நீயும் ஒரு வரி அவளுக்கு எழுதலாம். பதில் தாமதமாகிவிட்டது. தேர்தல் வேலைக்கும் என்னைப் போட்டிருக்கிறார்கள், பயிற்சி வகுப்பு வேறு. பக்கத்து வீட்டு மாமரத்தில் இந்த வருஷம் காய் கொஞ்சம்தான்.

படத்தில் அலுவலருக்குக் குடை கொடு. வெயிலில் குடை இல்லாமல் நடக்கிற அலுவலரை நான் பார்த்ததில்லை. சேலைக்குத் தோள் பக்கம் ஊக்கு இரண்டு. பைக்குள் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும், அதுதான் மத்தியானச் சாப்பாடு.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பெமிலா


ஆரல்வாய்மொழி,
6 மே 2024

அக்கா,

நான் வினோஜ் வீட்டிலிருந்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்கிற பொறுமைகூட இல்லை, மன்னித்துக்கொள். உன் ஆபீஸ் இதில் வரக் கூடாது என்று நீ சொன்னதால் கவரை வினோஜ் தம்பியிடம் கொடுத்து அம்மையிடம் சேர்க்கச் சொல்கிறேன்.

நீ எழுதிய நிழலைத் தேடி இந்தப் பக்கம் நாலு நாள் சுற்றினோம். சிவப்புச் சேவல் காட்டிக்கொடுத்துவிட்டது. ஊர் பேர் கொன்னையடிவிளை. நீ சொன்னபடியே இறக்கை நிழல் சுவரெல்லாம் நடந்துபோகிறது. அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசு இல்லை.

அலுவலராக நடிப்பது பூதப்பாண்டிப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் இந்துஜா. சம்பளம் வேண்டாம், சாப்பாடு போதும் என்று வந்த மகராசி. நேற்று அவரைச் சேலையில் சின்ன மைக்கும் கையில் குடையும் ஃபைலுமாகப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, வினோஜும் நானும் வேனுக்குள் கேமராவோடு மறைந்து உட்கார்ந்திருந்தோம். நடிக்க ஒத்துக்கொண்டது பச்சைச் சுவர் வீட்டுக்காரம்மா. அந்தத் தெருவில் பச்சைச் சுவர் வீடு மூன்று என்பதை நான் கவனிக்கவில்லை. டீச்சர் வேறு கதவைத் தட்டி, "ஒரு விசாரணைக்கு வந்திருக்கேன், கொஞ்சம் தண்ணி தருவியளா?" என்று நம் வசனத்தைச் சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து வந்தவர், "பூங்கனிக்க காரியமாட்டுத்தானே? இரிங்க" என்று வாசலிலேயே ஸ்டூலைப் போட்டார். டீச்சர் தண்ணீர் குடித்து முடிக்குமுன் தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். பூங்கனி என்பவர் ஆடு வளர்க்கிறவராம். காற்றாடி வளாகத்துக் காவலாளியைக் கம்பால் அடித்துத் தோளெலும்பு முறிந்து கேஸாகியிருக்கிறது. "முன்னால ஒரு மேடம் போலீசுக்க பைக்குல வந்தாவ. போலீசு நிக்கும்போ நாங்க என்னத்தச் சொல்ல? தெரியாதுன்னு சொல்லிட்டோம். பாவம், அவிய தண்ணிகூடக் குடிக்கல" என்றார் ஒருவர்.

பிறகு அடிபட்ட காவலாளியே வந்தார் அக்கா. "எனக்க தோளை ஒடிச்சது அவதான். ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவதான். எனக்க பெஞ்சாதி வாறது வரைக்கும் பக்கத்துல இருந்து அழுதா. நான் அவளுக்க ஆட்டை ரெண்டு நாளு தண்ணி காட்டாம அடைச்சுப் போட்டேன். அதை நான் கோர்ட்ல சொல்லல" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு நிமிடம், ஒரு வெட்டும் இல்லாமல் பதிவாகியிருக்கிறது. எந்த நடிகரும் இப்படிச் செய்யமாட்டார். பரிசு நமக்குத்தான்.

பைக்கில் வந்த மேடம் யார் என்று நான் அவர்களிடம் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

ஜெஃப்ரின்


நாகர்கோவில்,
8 மே 2024

ஜெஃப்ரின்,

அம்மை சுகம். நான் சுகமில்லை.

சொல்ல வேண்டாம் என்றால் விட்டுவிடுவேனா? நான்தான் அந்த மேடம். டிசம்பரில் ஒரே நாளில் ஆறு ஊர் போக வேண்டியிருந்தது. பஸ்ஸைக் காத்து நின்றால் மூன்றுதான் முடியும். வழி காட்ட வந்த கான்ஸ்டபிளின் பைக்கில் ஏறிக்கொண்டேன். தண்ணீரும் கேட்கவில்லை, உட்காரவும் இல்லை. 'அக்கம்பக்கத்தார் யாரும் இவரைப் பற்றி நல்லவிதமாகக் கூறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிப்ரவரியில் கோர்ட்டில் கொடுத்துவிட்டேன். தேர்தலால் தீர்ப்பு தள்ளிப்போனது. இப்போது மே 21. என் அறிக்கை அப்படியே இருந்தால் பூங்கனி ஜெயிலுக்குத்தான் போவார். அறிக்கை தப்பாகப் போயிருக்கிறதா என்று நீ கேட்ட அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பதில் எழுத உட்கார்ந்து மாங்காயைப் பற்றி எழுதினேன்.

உன் பதிவை நான் கோர்ட்டில் காட்ட முடியாது. அந்த ஜனங்கள் டீச்சரை ஆபீசர் என்று நம்பிப் பேசினார்கள். அரசு ஊழியர் என்று பொய் சொல்லி விசாரித்தால் அதற்கும் ஒரு செக்‌ஷன் இருக்கிறது. நாளை உன்னைப் பற்றி நானே ஊரில் விசாரித்து அறிக்கை எழுத வேண்டியதாகிவிடும். அழித்துவிடு. வினோஜிடமும் ஒரு பிரதி இருக்கக் கூடாது. பரிசு கிடைத்தால் அந்த மனுஷி முகம் தெரியாமலே ஊரெல்லாம் பேசப்படுவார். அவரைக் கேட்டாயா? ஊரின் அடையாளத்தை எழுதியது என் புத்தி, அந்தத் தப்பும் என் மேலேயே இருக்கட்டும்.

பெமிலா


ஆரல்வாய்மொழி,
11 மே 2024

அன்பு அக்காவுக்கு,

நீ சுகமாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டு எழுதுகிறேன்.

அழித்துவிட்டேன். உடனே அழித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு முழு நாள் அந்த கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது என் எட்டு வருஷத்துக்கும் கிடைத்த ஒரே நல்ல காட்சி. வினோஜ், "முகத்தை மங்கலாக்கிப் போடுவோம்டே" என்று கெஞ்சினான். நானும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். அப்புறம் அந்தக் காவலாளி துண்டால் முகத்தை மூடியது ஞாபகம் வந்தது. அவர் மூடியதை நான் ஊருக்குத் திறந்து காட்டுவது எந்த நியாயம்? வினோஜ் கண் முன்னாலேயே அழித்தேன். அவன் எழுந்து போய்விட்டான்.

நேற்று டீச்சரும் நானும் கொன்னையடிவிளைக்குப் போய் உண்மையைச் சொன்னோம். நல்ல வசவு கிடைத்தது. "ஏலே, நாங்க கரைஞ்சு அழுதது உனக்குப் படமாக்கும்?" என்று ஒரு வயசான பெரியம்மை துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். டீச்சர்தான் என்னை வெளியே கூட்டிவந்தார். பூங்கனியையும் பார்த்தேன். ஒன்றும் திட்டவில்லை. "நான் உள்ள போனா எனக்க ஆட்டை யாரு நோக்குவா மக்கா?" என்று மட்டும் கேட்டார்.

படத்துக்கு இப்போது நடுப்பகுதியே இல்லை. அது போகட்டும். நீ ஒருமுறை அங்கே போ அக்கா.

தம்பி,
ஜெஃப்ரின்


நாகர்கோவில்,
22 மே 2024

என் தங்கமான தம்பிக்கு,

அம்மையும் நானும் சுகம், சுகம், சுகம். நீயும் அப்படியே இரு.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்து அப்படியே பஸ் ஏறிக் கொன்னையடிவிளைக்குப் போனேன். குடை பிடித்துக்கொண்டு தனியாகத்தான் நடந்தேன். முதல் பச்சைச் சுவர் வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்க நெசத்துக்கா, படத்துக்கா?" என்றார். அடையாள அட்டையைக் காட்டினேன். "எங்கள அந்தத் தம்பி ஏமாத்தினான். ஆனா அவனே வந்து சொல்லி வசவும் வாங்கிட்டுப் போனான், கேட்டியளா. அதனால உங்ககிட்ட பேசுதோம்" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்பது பேர் சொன்னதை எழுதி வாங்கினேன். காவலாளி முதல் கையெழுத்துப் போட்டார்.

நேற்று கோர்ட். கூடுதல் அறிக்கை கொடுத்தேன். நீதிபதி அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் நான் எதை நம்ப வேண்டும்?" என்று கேட்டார். வக்கீல்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இரண்டாவதை அம்மா. முதலாவதை எழுதும்போது நான் அந்த ஊரில் உட்காரவே இல்லை" என்றேன். பதினாறு வருஷத்தில் இவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை, இவ்வளவு நிமிர்ந்து நின்றதும் இல்லை.

இரண்டு வருஷம் நன்னடத்தைப் பிணை. ஜெயில் இல்லை! பூங்கனிக்குத் தீர்ப்பு புரியவில்லை. "அப்போ நான் நிக்கணுமா, போவணுமா?" என்று என்னிடம் கேட்டார். போங்க, வீட்டுக்குப் போங்க என்றேன். செருப்பைப் போட மறந்து வாசல் வரைக்கும் ஓடிவிட்டார்.

எனக்கு மெமோ வரும். வரட்டும், நாலு பக்கத்துக்குப் பதில் தயாராக இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அறுபத்தொரு அறிக்கையும் அதில் வரிசையாக நிற்கும்.

உன் படத்தைத்தான் நான் கெடுத்துவிட்டேன் மக்கா.

அன்போடு அக்கா,
பெமிலா


சென்னை,
28 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கும் அம்மைக்கும்,

சுகம். இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், கை வேலையாக இருந்தது. அம்மைக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன், நீ வாசிக்காதே.

ஜூனில் வினோஜ் போன் செய்தான். கொன்னையடிவிளையிலிருந்து அவனைத் தேடி ஆள் வந்திருக்கிறது. வந்தது அந்தத் துடைப்பக்காரப் பெரியம்மை! "உங்க படம் பாதியில நிக்குதாமே. பூங்கனி பேரும் வேண்டாம், கேஸும் வேண்டாம். நீங்க ஒரு கேஸு உண்டாக்குங்க. நாங்க நடிச்சுத் தாறோம்" என்றாளாம். அன்று சாயந்தரமே சென்னையிலிருந்து ரயில் ஏறினேன்.

புதிதாக ஒரு மனுஷியையும் புதிதாக ஒரு கேஸையும் எழுதினேன். ஆடும் இல்லை, காற்றாடிக் காவலும் இல்லை. கடைசிக் கதவை அலுவலர் தட்டுகிறார், ஊர் வந்து உட்கார்ந்து பேசுகிறது. பெரியம்மை ஒரே டேக்கில் அழுதாள், முடிந்ததும் "எப்டி இருந்து?" என்று எல்லாரிடமும் கேட்டாள். காவலாளிக்கு மட்டும் வசனம் வரவில்லை. அவரைச் சும்மா தண்ணீர்த் தம்ளர் எடுத்துக் கொடுக்க வைத்தேன். இந்துஜா டீச்சர் அதை வாங்கிக் குடிக்கிற இடம்தான் படத்திலேயே எனக்குப் பிடித்தது. அழித்த காட்சியைவிட இது மேல், சத்தியமாக.

பதினான்கு நிமிடம் ஐம்பது விநாடி. நேற்று அனுப்பிவிட்டேன். பேர் போடுகிற இடத்தில் முதல் தடவையாக என் பேர். அதையே நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் 15 திருநெல்வேலியில் திரையிடுகிறார்கள். எனக்கு சீரியலில் கல்யாண எபிசோடு, லீவு கிடையாது. நீ போய்ப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது.

ஜெஃப்ரின்


நாகர்கோவில்,
17 செப்டம்பர் 2024

என் தம்பி, இயக்குநர் ஜெஃப்ரினுக்கு,

அம்மைக்கு முட்டுவலி ஞாபகமே இல்லை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, காரணம் கடைசியில்.

மெமோ ஒரு கண்டிப்போடு முடிந்தது. கூடவே இந்த மாதம் இரண்டாம் தேதி காலி நாற்காலி ஒன்றில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டது. என் பதிலின் நாலு பக்கத்தையும் மேலே யாரோ வாசித்திருக்கிறார்கள். இப்போது ஒரு நாளைக்கு மூன்று ஊர், அதுவும் பஸ்ஸில்.

இனி ஞாயிற்றுக்கிழமை. கொன்னையடிவிளைக்காரர்கள் இரண்டு வேன் பிடித்து வந்தார்கள், அம்மையும் நானும் ஆரல்வாய்மொழியில் ஏறிக்கொண்டோம். பூங்கனியும் வந்தார். படம் வேறு யாரோ ஒரு மனுஷியைப் பற்றியது, இவர் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று வேனில் ஏறியதுமே எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். தலையாட்டினார்கள். டீச்சர் தண்ணீர் குடிக்கிற இடத்தில் நான் அழுதேன் மக்கா. பக்கத்தில் தெரியாத ஆட்கள் இருந்ததையும் பார்க்காமல் அழுதேன். என் வேலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

முதல் பரிசு உனக்குத்தான்! உன் சார்பில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநரின் அக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். தொகுத்து வழங்கிய பையன் மைக்கை நீட்டி, "இப்படி ஒரு அலுவலர் நிஜத்தில் எங்காவது இருக்காங்களா மேடம்?" என்று சிரித்தான். மைக்கை வாங்கக் கேடயத்தை இடது கைக்கு மாற்றினேன்.

பின்வரிசையில் ஒருவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். பூங்கனி.

"இருக்காவ! இந்தா நிக்காவளே, இவியதான்! ஜெயிலுக்குப் போவ இருந்தவ நான். எனக்காவ கோர்ட்டுல 'நான் எழுதினது தப்பு'ன்னு சொன்னவிய இவிய! எனக்க பேரு பூங்கனி, எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

அவர் பக்கத்தில் இருந்த காவலாளி முதலில் எழுந்து கைதட்டினார். பிறகு இரண்டு வேன் ஆட்களும், பிறகு மண்டபமே எழுந்தது. நான் மைக்கில் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அம்மை சொல்கிறாள், பேசவே இல்லையாம், "பூங்கனி, இறங்குங்க, விழுந்துருவிய" என்று கத்திக்கொண்டே இருந்தேனாம்.

பெருமையில் நெஞ்சு கொள்ளாமல்,
உன் அக்கா,
பெமிலா,
நன்னடத்தை அலுவலர்